அடியில் தங்கிய வெள்ளைப் பொட்டு

ராஜஸ்தானில் நான் பார்த்துவந்த மார்வாரிப் பொலிகுதிரையின் விந்து, எடுத்தவுடன் நன்றாக நீந்தும். 5 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலான விந்தணுக்கள் அசையாது. முதலில் சுழற்றும் கருவியில் வெறுமனே சுழற்றி, அணுக்கள் மிதக்கும் விந்துநீரை நீக்கினேன். கொஞ்சம் தேறியது, ஆனால் செத்த அணுக்களும் கூடவே அடியில் தங்கின.

அப்புறம் கொலாய்டு முறைக்கு மாறினேன். கொலாய்டு என்பது நுண்துகள் கலந்த அடர்ந்த திரவம்; அதன் வழியே சுழற்றினால் பெரும்பாலும் நல்ல அணுக்களே அடிக்கு இறங்கும். பால் கரைசலில் விந்தை மில்லிக்கு 10 கோடி அணுக்களாக நீர்க்கவைத்து, கொலாய்டின் மேல் விட்டு, 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு) 20 நிமிடம் சுழற்ற வேண்டும். முதல் தடவை அவசரமாக ஊற்றியதில் இரண்டும் கலந்து பாழ். பிப்பெட் நுனியைக் குழாய்ச் சுவரில் ஒட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டபோதுதான் நடுவே கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நின்றது. மேல்நீரை எடுத்தபின், அடியிலுள்ள வெள்ளைப் பொட்டைப் புதுப் பிப்பெட்டால்தான் எடுக்க வேண்டும். எண்ணிக்கை கணிசமாகக் குறையும், மனம் கேட்காது. சரி, அதையும் 5 டிகிரியில் வைத்து மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன்: முக்கால்வாசி நேராக ஓடிக்கொண்டிருந்தன.