நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கும் மாணவர்கள் காசைக் கோட்டை விடும் இடங்கள்

சென்னையில் நாலு பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளிடம் செலவைக் குறைக்கச் சொன்னால், உடனே டீயைக் குறைக்கிறேன், சினிமாவை நிறுத்துகிறேன் என்பார்கள். நல்லதுதான். ஆனால் வருஷம் முழுக்க அப்படி மிச்சம் பிடித்தது, வீடு காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு என்று ஓனர் பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகையில் ஒரே நாளில் போய்விடும். அதனால் பெரிய தொகை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அட்வான்ஸில்தான் இருக்கிறது. வாடகை 16,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 80,000, தலைக்கு 20,000. அதுவும் வீட்டில் எங்கோ புரட்டிக் கொடுத்த பணம். அதை ரொக்கமாக ஒருவர் கையில் கொடுத்து, அவர் பெயரில் மட்டும் அக்ரிமென்ட் போட்டு, மற்ற மூன்று பேரும் ஒரு கையெழுத்துகூட இல்லாமல் குடியேறுகிறார்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் பெரியது. அவர் எவ்வளவு நல்ல நண்பராகவும் இருக்கட்டும், நாளைக்கே பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் ஓனருக்கு உங்களை யாரென்றே தெரியாது. நாலு பேர் பெயரையும் அக்ரிமென்டில் போடச் சொல்லுங்கள். அதற்கு ஓனர் ஒத்துவரவில்லையா, அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே ஓனர் கணக்குக்கு அனுப்பி, அட்வான்ஸ் என்று குறிப்பும் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் இரண்டு தரப்பும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டால் அது செல்லும். அதனால்தான் பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பேரம் பேசும்போது இந்த மூன்று மாத விதியைச் சொல்லிப் பாருங்கள், பத்து கேட்டவர் ஐந்தாறுக்கு இறங்கினாலும் லாபம்தானே. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பெயிண்டிங் காசு எவ்வளவு என்பதைக் குடியேறும் முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும், காலி பண்ணும்போது பேசினால் நம் பக்கம் பேச்சு எடுபடாது. சாமான் இறக்குவதற்கு முன்னால் ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் குழாய், உடைந்த அலமாரிக் கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நடுவில் ஆள் மாறும்போது வரும் குழப்பம். போகிறவருடைய அட்வான்ஸ் பங்கை வருகிறவர் அவரிடமே கொடுத்துவிடுவது வழக்கம். இப்படி மூன்று பேர் மாறிவிட்டால் யார் பணம் யாரிடம் என்று கடைசியில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஓனரையும் சேர்த்து ஒரு மெசேஜ் போட்டு, அவர் சரி என்று பதில் அனுப்பிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கரண்ட் பில் அடுத்தது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, ஆரம்ப யூனிட்டுகள் கொஞ்சம் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் கூடுதல் சலுகை உண்டு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் போய், அதே யூனிட்டுகளுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் வெயில் காலத்தில் ஏசி ஓடினால் 500 ரொம்பச் சுலபமாகத் தாண்டும். ரீடிங் எடுக்கும் தேதியைத் தெரிந்துகொண்டு, நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் போட்டாலே வித்தியாசம் தெரியும். சில ஓனர்கள் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வாங்குகிறார்கள், அங்கே இலவச யூனிட்டும் கிடைக்காது, சலுகையும் கிடைக்காது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓடுவதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில், முதல் மாதமே முழுச் சமையலில் இறங்குவது தவறு என்று நினைக்கிறேன். குக்கர், மிக்ஸி, பத்து வகை மசாலா என்று வாங்கிக் குவித்து, செமஸ்டர் பரீட்சை வந்ததும் அடுப்பே பற்ற வைக்காமல் வெளியில் சாப்பிட்டால் இரண்டு செலவும் சேர்ந்துகொள்ளும். சோறு மட்டும் வடித்துக்கொண்டு குழம்பு, ரசம், பொரியலைப் பக்கத்து மெஸ்ஸில் பார்சல் வாங்குவது பல அறைகளில் நன்றாகவே ஓடுகிறது. உணவு டெலிவரி ஆப்பில் பல கடைகள் விலையையே கூட்டித்தான் போட்டிருக்கும், அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி என்று தனித்தனியாக ஏறும். நடந்து போய் வாங்கிவிடுங்கள். கேஸ் இணைப்பு இல்லையென்றால் ஏஜென்சிகளில் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை. தெருவில் மாற்றி நிரப்பிக் கொடுக்கும் சிலிண்டர் பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள், அது உயிர் விஷயம்.

பொதுச் செலவை மாதக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் நட்பும் கெடுகிறது. ஒன்றாம் தேதியே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு வையுங்கள், கேன் தண்ணீர், அரிசி, கேஸ் எல்லாம் அதிலிருந்து போகட்டும். வெள்ளிக்கிழமையானால் ஊருக்குப் போய்விடுகிறவருக்கும் அங்கேயே இருக்கிறவருக்கும் சாப்பாட்டுக் கணக்கு ஒன்றாக இருக்கக்கூடாது.

வாடகை குறைவு என்று ரொம்பத் தள்ளிப் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா என்று பாருங்கள். புறநகர் ரயிலில் மாணவர் சலுகையோடு சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு மிகக் குறைவு, ஆனால் ஸ்டேஷன் வரை தினமும் ஷேர் ஆட்டோ என்றால் மிச்சமே இருக்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கப்பட்டவை. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள், கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். வீட்டிலிருந்து பணம் வரும் தேதிக்கு மறுநாள் வங்கியில் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை சேர்கிற தொடர் வைப்பு, பிடிக்கும்படி வையுங்கள், 500 ரூபாயானாலும் போதும். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. அவசரத்துக்குக் கடன் ஆப்பைத் திறப்பதைவிட அந்த ஆர்டியை உடைப்பது எவ்வளவோ மேல், வட்டி கொஞ்சம் குறையும், போட்ட முதல் அப்படியே கைக்கு வரும்.