நிறத்தை நம்பாமல் தவளை, தேரை இனங்களை அடையாளம் காணும் முறை

தவளையைக் கண்டதும் பலரும் முதலில் குறித்துக்கொள்வது அதன் நிறத்தைத்தான். ஆனால் இனத்தை அறிய மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளை வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பச் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறிவிடும். தெற்காசியாவின் பெரிய ஏரித்தவளையில் ஆண், மற்ற காலங்களில் பழுப்பும் பச்சையுமாக இருந்துவிட்டு, மழை தொடங்கி இணைசேரும் நாள்களில் பளிச்சிடும் மஞ்சளாகி நீலக் குரல்பைகளுடன் கத்தும். இரு நிலைகளையும் தனித்தனியே பார்ப்பவர் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணுவார். உலகில் 7,000க்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் அறியப்பட்டுள்ளதால், உடலமைப்பு, குரல், முட்டை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

அதற்கும் முன்னதாக இடத்தையும் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். குளமா, ஓடையா, மரக்கிளையா, மழை பெய்ததா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். இடம் தெரிந்தாலே பெரும்பாலான இனங்கள் பட்டியலிலிருந்து கழிந்துவிடும். ஆயினும் பரவல் வரைபடத்தை மட்டுமே தீர்ப்பாகக் கொள்ளலாகாது. கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை இன்று அங்கே பரந்த நிலப்பரப்பில் வாழ்கிறது. ஆசியாவின் சாதாரணத் தேரை மடகாஸ்கரிலும் குடியேறிவிட்டது.

அடுத்து, கண்ணுக்குப் பின்னால் தோள்பக்கமாகப் பாருங்கள். அங்கே தடித்த மேடாக நஞ்சுச் சுரப்பி இருந்தால், அது பெரும்பாலும் பூஃபோனிடே குடும்பத்தைச் சேர்ந்த தேரை. தோல் சொரசொரப்பாக இருப்பது மட்டும் போதுமான சான்று அன்று. மேலே சொன்ன ஆசியத் தேரைக்குத் தலையில் கருநிற விளிம்பு கொண்ட முகடுகள் உண்டு. அவற்றை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் தொலைவிலிருந்தே அறியலாம்.

எல்லாத் தேரைகளும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரே நிலத்தில் வாழும் அமெரிக்கத் தேரையையும் ஃபௌலர் தேரையையும் பிரித்தறிய, முதுகில் உள்ள பெரிய கரும்புள்ளிகளை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒன்றோ இரண்டோ பருக்கள் இருந்தால் அமெரிக்கத் தேரை, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃபௌலர் தேரை. முன்னதன் மார்பில் கரும்பொட்டுகள் சிதறியிருக்கும். பின்னதன் மார்பும் வயிறும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். முன்னது நீண்ட இனிய ரீங்காரமாகக் குரலெழுப்பும்; பின்னது மூக்கால் கத்துவது போன்ற குறுகிய ஓசையைத் தரும். இவ்விரண்டும் தமக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடியவை ஆதலால், அடையாளங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பெயரை உறுதியாக எழுதாமல் விடுவதே நேர்மை.

வழுவழுப்பான தோலுடைய தவளைகளில் செவிப்பறையையும் (கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரியும் காதுச் சவ்வு) முதுகோர மடிப்பையும் கவனியுங்கள். அமெரிக்கக் காளைத்தவளையையும் அதனோடு குழப்பப்படும் பச்சைத் தவளையையும் இந்த மடிப்பே பிரித்துக் காட்டும். பச்சைத் தவளையில் தோல் மடிப்பு கண்ணுக்குப் பின்னிருந்து முதுகின் இரு ஓரங்களிலும் நீண்டு செல்லும். காளைத்தவளையில் அது செவிப்பறையைச் சுற்றி வளைந்து கீழே இறங்கிவிடும். இரண்டிலுமே, செவிப்பறை கண்ணைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் அது ஆண். ஏறத்தாழ கண்ணளவே இருந்தால் பெண்.

விரல் நுனியில் வட்டமான ஒட்டு வட்டுகள் இருந்தால் மரத்தவளை என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஓடைப் பாறைகளில் வாழும் வேறு பல தவளைகளுக்கும் அவை உண்டு. பின்னங்கால் அடியில் மண் தோண்டுவதற்கான கடினமான கருநிற விளிம்பும், செங்குத்தான கண்பாவையும் சேர்ந்திருந்தால் வட அமெரிக்காவின் மண்வெட்டிக்கால் தேரைகளை நினைக்கலாம். ஆப்பிரிக்க நகத்தவளைக்குப் பின்காலின் உள்விரல்கள் மூன்றில் கருநகங்கள் உண்டு; நாக்கு கிடையாது.

என் கருத்தில், இரவில் கைப்பேசியில் பதிவுசெய்த அரை நிமிடக் குரல், பகலில் எடுத்த பத்துப் படங்களைவிட மதிப்புள்ளது. முதலில் சொன்ன சாம்பல் மரத்தவளைக்கு, கண்ணால் பிரித்தறியவே முடியாத இன்னோர் உறவு இனம் உண்டு. முன்னதற்கு நான்கு தொகுதிக் குரோமோசோம்கள், பின்னதற்கு இரண்டு தொகுதி. களத்தில் அவற்றைப் பிரிப்பது குரலில் உள்ள துடிப்புகளின் வேகமே. குளிரில் அந்த வேகம் குறையும் என்பதால், பதிவுசெய்யும்போது காற்றின் வெப்பநிலையையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். குரலே கேட்கவில்லை என்பதால் தவளையே இல்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள்: வட அமெரிக்காவின் வேகமான மலையோடைகளில் வாழும் வால்தவளைகள் குரலெழுப்புவதில்லை.

விலங்கு கண்ணில் படாவிட்டாலும் முட்டை துப்புக் கொடுக்கும். ஐரோப்பியக் குளங்களில் சாதாரணத் தவளையின் முட்டைகள் கட்டியாகத் திரண்டு மிதக்கும். அங்குள்ள சாதாரணத் தேரையின் முட்டைகள் நீண்ட சரமாக நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும். நீருக்கு மேலே கிளையில் தொங்கும் நுரைக்கூடு, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ரேக்கோஃபோரிடே குடும்பத்து மரத்தவளையின் வேலையாக இருக்கலாம். மருத்துவச்சித் தேரையில் ஆண்தான் முட்டைச் சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு திரியும்.

இத்தனையையும் தொடாமலே செய்ய முடியும், செய்யவும் வேண்டும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெரிய ஒரு படம், பின்கால் விரல்கள் தெரிய ஒரு படம் என்று எடுத்தாலே போதும். சில இனங்களின் தோல் நஞ்சு மனிதருக்கு ஆபத்தானது. ஆனால் நான் அதைவிட அஞ்சுவது, நம்மால் அவற்றுக்கு நேரும் தீங்கை. 1999இல் விவரிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சை, தவளை நீரையும் உப்புகளையும் பரிமாறிக்கொள்ளும் தோலையே தாக்கிப் பல இனங்களை அழிவுக்குத் தள்ளியிருக்கிறது. ஈரச் சேற்றிலும் நீரிலும் அது ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஆகவே ஒரு நீர்நிலையை விட்டுக் கிளம்பும்போது காலணி, வலை, வாளி அனைத்தையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, முற்றிலும் உலர்ந்த பிறகே அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.