"உனக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று சொல்லாதீர்கள்

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மறுநாள் ராத்திரி வருஷப்பிறப்பு ஆராதனை. ஊரில் கரண்ட் இல்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது; புது வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். அம்மா எடுத்த அட்டையில் எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எங்கள் வீட்டுத் தகரக் கூரை அப்போது பின்தெருவில் கிடந்தது.

அட்டை எடுப்பது தப்பில்லை, நானும் எடுக்கிறேன். அதை ராசிபலன் மாதிரி வாசிப்பதுதான் தவறு. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. ஒரு வசனம் மேலே பார்த்தால், எழுபது வருஷம் ஆன பிறகுதான் ஊருக்குத் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது கடிதம். அன்று அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் மண்ணை மறுபடி மிதித்திருக்க வழியே இல்லை. ஆனாலும் சொன்னவர் சொல் மாறமாட்டார் என்று கத்தரிக்காய் நட்டுக்கொண்டு இருப்பதற்குப் பெயர்தான் விசுவாசம். (கத்தரிக்காய் என் சேர்க்கை.)

அடுத்த தவறு பொருத்தனை, அதாவது கடவுளிடம் செய்யும் நேர்த்திக்கடனை, பேரமாக்குவது. "பையனுக்கு வேலை கிடைத்தால் முதல் மாசச் சம்பளம் உமக்கு." நன்றியாகக் கொடுப்பது வேறு, கடவுளிடம் கமிஷன் பேசுவது வேறு. போரில் ஜெயிக்கப் பேரம் பேசிய யெப்தா, சொந்த மகளையே கொடுக்கவேண்டிய இடத்தில் போய் நின்றதை நியாயாதிபதிகள் 11-இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது மூன்றாவது தவறில். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "விசுவாசம் இருந்தால் சுகம் வந்திருக்கும்" என்று சொல்வது. உறவில் ஒரு அத்தை இதைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து, கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை டப்பாவைப் பைபிளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். விழுங்கினால் அவிசுவாசம் என்று பயம்.

அத்தைக்கு யாராவது பவுலின் கடிதங்களை வாசித்துக் காட்டியிருக்கலாம். தன் ஊழியத் தோழர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று அவர் யோசனை சொல்கிறார். இன்னொரு தோழரான துரோப்பீமுவை மிலேத்து ஊரில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். இருவரையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று அவர் குறை சொல்லவில்லை. இயேசுவும் கடுகு விதையளவு போதும் என்றார். நாம்தான் அதைப் படி வைத்து அளக்கிறோம்.

நம் பேச்சு வழக்கையே பாருங்கள். நாய் விசுவாசமானது என்போம், விசுவாசமான வேலைக்காரர் என்போம். அங்கே அந்தச் சொல்லுக்கு விட்டுப்போகாமல் கூட இருப்பது என்றுதான் அர்த்தம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸிலும் நம்புவது, உண்மையாக நிலைத்திருப்பது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சபையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பது மட்டும் விசுவாசம் என்றால் பிசாசுகளுக்கும் அது உண்டு, "விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறார் யாக்கோபு.

சரி, சந்தேகம் வந்தால்? அதை மறைப்பதும் ஒரு தவறுதான். வலிப்பால் துடிக்கும் மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன் மாற்கு 9-இல் அழுதுகொண்டே சொல்கிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டும் ஒரே வாயில். பையன் சுகமானான். 88-ஆம் சங்கீதம் அந்த அளவுக்குக்கூட ஆறுதல் தருவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. கோபித்துக்கொண்டாலும் அவரிடமே கோபித்துக்கொள்வது, வீட்டில் அப்பாவோடு சண்டை போடுகிற மாதிரிதான்.

அன்று ராத்திரி அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "சமாதானம் சரி ஆண்டவரே, கூரைக்கு என்ன பண்ணுவீர்?" அப்புறம் எல்லோரோடும் சேர்ந்து பாட எழுந்து நின்றார். அந்த அட்டை இன்னும் அவர் பைபிளில், ஓரத்தில் மெழுகு ஒட்டியபடி இருக்கிறது.