கரை மின்சாரத்தில் படகு பேட்டரி: எந்த முனை முதலில்?

படகு பேட்டரியை சார்ஜ் செய்யக் கரையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கேபிளை மாட்டுமுன், கரைக் கம்பத்து (படகுத்துறையில் மின் சாக்கெட் உள்ள கம்பம்) பிரேக்கர், படகின் மெயின் சுவிட்ச் இரண்டையும் அணைத்துவிடுங்கள். படகு முனையை முதலில் செருகி, திருகிப் பூட்டிய பிறகே கரை முனை. கழற்றும்போது கரை முனைதான் முதலில். பிரேக்கரை அணைக்க மறந்து, வரிசையையும் மாற்றிச் செய்து கேபிள் கை நழுவினால், மின்சாரம் ஓடும் முனை தண்ணீரில் விழும்.

பிளக்கின் பின்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழுப்பேறியோ பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் தொடர்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. தேய்த்துச் சமாளிக்காமல் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். அலைக்கேற்பப் படகு அசையக் கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். ஆனால் கேபிள் தண்ணீரைத் தொடக் கூடாது. மிச்சத்தைச் சுருளாகக் குவித்தால் சூடாகும்.

கம்பத்து பிரேக்கரைப் போட்டதும் படகில் உள்ள ரிவர்ஸ் போலாரிட்டி விளக்கு (பேஸ், நியூட்ரல் வயர்கள் இடம் மாறியிருந்தால் எரிவது) எரிகிறதா பாருங்கள். எரிந்தால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். இல்லையென்றால் மெயின், கடைசியில் சார்ஜர். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்போது சுமார் 14.4 வோல்ட், நிறைந்தபின் 13.5 பக்கம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றும். லித்தியத்துக்கு சார்ஜர் அமைப்பே வேறு.

துத்தநாக ஆனோடு (படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் கட்டி) வழக்கத்தைவிடச் சீக்கிரம் கரைகிறதா? எர்த் வயரை வெட்டிவிடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. கால்வானிக் ஐசொலேட்டர் (எர்த் வயர் வழியே ஓடி உலோகத்தை அரிக்கும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) போடுங்கள்.