பழைய மீன்பிடிப் படகு: விலையில் ஏமாறும் இடங்கள்

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் ஃபோனில் நாலு படம் காட்டி, "இந்த விலை தகுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். படத்தில் தெரியும் கீறலையும் விரிசலையும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எஞ்சினைப் பார்த்துப் படகுக்கு விலை சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டால் போதும், வாங்குகிறவர் மனசுக்குள் பேரம் முடிந்துவிடுகிறது. "எஞ்சினே இந்த விலைக்குப் போகும், படகு இனாம் மாதிரி" என்பார். அந்த இனாம்தான் பிறகு காசைத் தின்னும்.

பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில், எஞ்சின் தொங்கும் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. இரண்டு பக்கமும் ஃபைபர், நடுவில் ஒட்டுப்பலகை. போல்ட் துளை வழியாகவோ, மீன் தேடும் கருவிக்காகப் போட்ட ஸ்க்ரூ துளை வழியாகவோ தண்ணீர் இறங்கினால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே மரம் மக்கிவிடும். தளத்துக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களில் மரம் இருந்தால் அதற்கும் இதே கதிதான். மிதப்புக்காக அடைத்த நுரையும் வருஷக்கணக்கில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும்.

ஒரு தம்பி படகு பார்க்கக் கூட்டிப் போனான். பின்பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டச் சொன்னேன். மேலே 'டக் டக்'. கீழே வரவர 'பொத் பொத்'. எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினோம். பலகையும் கூடவே அசைந்தது. போல்ட் ஓரத்தில் பழுப்பாக நீர் கசிந்தது. "சிலிக்கான் வச்சு அடைச்சாப் போச்சுண்ணே" என்றான். வாங்கியும் விட்டான். கடைசியில் பின்பக்கத்தை அறுத்து, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, புதுப் பலகை வைத்து மறுபடி ஃபைபர் போட வேண்டியதாயிற்று. அந்தக் கூலி, படகுக்குக் கொடுத்ததையே தாண்டியது. அந்த அருமையான எஞ்சின் அதுவரை கொட்டகையில் கிடந்தது.

கணக்கை இப்படிப் போடுங்கள். அதே வகையில், ஏறக்குறைய அதே வயதில், குறையில்லாத படகு என்ன விலைக்குக் கைமாறுகிறது? அதிலிருந்து பட்டறைக்காரர் சொல்லும் பழுதுச் செலவைக் கழியுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். பிரித்துப் பார்த்தால் சேதம் பெரும்பாலும் சொன்னதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். விற்பவர் சொல்லும் தொகையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது பேரமே இல்லை.

போட்ட காசைக் கூட்டுவது

"இதுவரை இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்" என்று விற்பவர் அதையும் விலையில் சேர்ப்பார். அது அவர் கவலை.

சூடான எஞ்சினைச் சோதிப்பது

நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டி வைத்திருப்பார்கள். மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சினின் பல கோளாறுகள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவுகள், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவுகள், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது.

புதுப் பெயிண்டுக்குக் கூடுதல் விலை

கொடுக்காதீர்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள்.

கரையிலேயே பேரத்தை முடிப்பது

தண்ணீரில் இறக்கி முழு வேகத்தில் ஓட்டுங்கள். திரும்பியதும் அடித்தளத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஆவணம்

படகின் எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லையா? விலை பேசவே வேண்டாம்.