ஹைபிரிட் காருக்கு வெளி பார்ட்ஸ்: காசு போகும், பிக்-அப் வருமா?

போன சித்திரையில் என் மச்சான் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். உள்ளே எண்ணெய் தடவிய பஞ்சு ஏர் ஃபில்டர். "இதைப் போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்னு கடையில சொன்னாங்க மாமா" என்றான். அவனுடையது டொயோட்டாவின் ஹைரைடர் ஹைபிரிட், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. மூன்றே வாரத்தில் செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஃபில்டரில் இருந்த எண்ணெய், காற்றை அளக்கும் சென்சாரில் போய் ஒட்டியிருந்தது. சென்சாரைத் துடைத்து, பழைய காகித ஃபில்டரையே திரும்பப் போட்டதும் லைட் அணைந்தது. பிக்-அப்பா? முன்பும் அதேதான், பின்பும் அதேதான்.

ராஜா இல்லாத கோட்டையைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. ஹைபிரிட் காரும் அப்படித்தான். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பெரிதாகத் தெரியும், ஆனால் ஆட்சி அதன் கையில் இல்லை. இதை மறந்துவிட்டுச் சாதாரண பெட்ரோல் வண்டிக்குச் செய்வதை எல்லாம் இதற்கும் செய்வதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

கணக்கைப் பாருங்கள். ஹைரைடர் ஹைபிரிட்டில் எஞ்சின் சுமார் 92 குதிரைத்திறன், மோட்டார் சுமார் 80. கூட்டினால் 172 வர வேண்டும். கம்பெனி சொல்லும் மொத்தமோ 116தான். ஏமாற்று வேலை இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்தாவது வர வேண்டுமே! எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது, அதற்கு மேல் அந்தச் சின்ன பேட்டரி எவ்வளவு தர முடியுமோ அவ்வளவுதான் கூடுதல்.

எஞ்சின் இழுவையும் முழுதாகச் சக்கரத்துக்குப் போவதில்லை. 1997இல் வந்த பிரியஸில் தொடங்கி டொயோட்டா பயன்படுத்தும் பல்சக்கர அமைப்பில், நூற்றில் ஏறக்குறைய 28 பங்கு ஜெனரேட்டருக்கும் 72 பங்கு சக்கரத்துக்கும் பிரியும். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை அந்த ஜெனரேட்டரை வைத்துக் கம்ப்யூட்டர் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் கூடுதல் காற்றுக்கு வழி செய்தால், கேட்ட இழுவைக்கு இவ்வளவு காற்று போதும் என்று அது த்ராட்டிலை, அதாவது காற்று நுழையும் கதவை, கொஞ்சம் மூடிக்கொள்ளும். போதாததற்கு இவை அட்கின்சன் முறை எஞ்சின்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க, உள்ளே இழுத்த காற்றில் ஒரு பகுதியை வேண்டுமென்றே திருப்பித் தள்ளுபவை. வேண்டாம் என்று தள்ளுகிறவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு போடுகிற கதைதான் இந்த ஃபில்டர்.

ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் கதை இன்னும் வேடிக்கை. ஊருக்குள் ஓட்டும்போது சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார், எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில்தான் நேரடியாகச் சக்கரத்தோடு சேரும். கிரீன் சர்க்கிள் சிக்னலில் முந்துவதற்காக அதில் சைலன்சர் மாற்றுகிறவரை என்ன சொல்வது?

சைலன்சர் விஷயத்தில் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது அதைவிடப் பெரிய அபத்தம்.

ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் டப்பா ஒன்று விற்கிறார்கள். போட்டதும் வண்டி துள்ளுவது உண்மைதான். நீங்கள் கால்வாசி மிதித்ததை அரைவாசி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது, அவ்வளவே. இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் இலவசமாகவே அது கிடைக்கும். ரீமேப், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் வேலை, செய்கிறவர்கள் எஞ்சின் பக்கத்தை மட்டும் தொடுவார்கள், பேட்டரி, ஜெனரேட்டர் வரம்புகள் அப்படியே இருக்கும். அப்புறம் வாரண்டி. டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறது. சில ஆயிரம் ரூபாய் ரீமேப்புக்காக அதில் சண்டைக்கு இடம் வைப்பானேன்?

ஸ்மார்ட் ஹைபிரிட் என்று பெயர் போட்ட எர்டிகா, பிரெஸ்ஸா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. மேலே சொன்ன பங்கீட்டுக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இனி, யாரும் தவறு என்றே நினைக்காத தவறுகள். அகல டயரும் கனத்த அலாய் வீலும் போட்டு மைலேஜைக் கெடுப்பது ஒன்று. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்னொன்று. ஹைபிரிட் எஞ்சின் ஒரே பயணத்தில் பலமுறை நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறையும் ஆயில் சட்டென்று மேலே ஏறியாக வேண்டும். அதனால்தான் கையேட்டில் 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று மெல்லிய ஆயில் சொல்லியிருப்பார்கள். ஆம்பூர் வரை போய்வர அது தாங்குமா என்று பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது சீட் கவர். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட்டை ஒட்டிய ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் போகிறது. தடித்த கவர், கட்டைப்பை, துணி மூட்டை எதையாவது வைத்து அதை அடைத்துவிடுகிறோம். வெயிலூர் என்று நாமே கேலி பேசும் ஊரில், 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், பேட்டரி சூடேறினால் கம்ப்யூட்டர் மோட்டாரின் பங்கைக் குறைத்துவிடும். வண்டி மந்தமாகும். உடனே, "எஞ்சின்ல பவர் இல்ல, ஏதாவது பார்ட் மாத்தணும்" என்று கடைக்கு ஓடுவார்கள். மச்சான் வண்டியிலும் அந்த ஜன்னலுக்கு ஃபில்டர் வலை இருந்தது. கழற்றிப் பார்த்தோம், தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி. சுத்தம் செய்யச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பேட்டரி இறங்கி எஞ்சின் கத்தியது. பழுது இல்லை, ஏற்றத்தில் அது அப்படித்தான் கத்தும். இறங்கும்போது பாதியிலேயே பேட்டரி நிரம்பிவிட்டது, கியரை 'பி' (B) நிலைக்கு மாற்றி எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்கினோம். பஞ்சு ஃபில்டர் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.