ஞாயிறு லாங் ரன்: 800, 1500 மீட்டர் ஓடுபவர்கள் தூரக் கணக்கில் செய்யும் தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் கூட்டமாக ஓடுபவர்களில் பலர் மாரத்தானுக்கோ அரை மாரத்தானுக்கோ தயாராகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து ஓடும் 800 அல்லது 1500 மீட்டர் வீரர், துணைக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவர்களுடைய தூரத்தையும் தம்முடையதாக்கிக்கொள்வதுதான் நான் அதிகம் காணும் தவறு. கல்லூரி நாள்களில் நானும் அதையே செய்தேன். வாரம் முழுவதற்குமே 45 கிலோமீட்டர்தான் ஓடிக்கொண்டிருந்த நான், ஒரு ஞாயிறன்று 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை உப்பளம் மைதானத்தில் 400 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டிய பயிற்சியில், மூன்றாவது சுற்றின் கடைசி வளைவிலேயே தொடைகள் கல்லாய்க் கனக்க, ஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

லாங் ரன், அதாவது வாரத்துக்கு ஒரு முறை நிதானமாக ஓடும் நீண்ட ஓட்டத்தின் தூரத்தைத் தனியாக முடிவு செய்யக் கூடாது. வாரத்தின் மொத்தத் தூரத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருப்பது போதுமானது. வாரம் 45 கிலோமீட்டர் ஓடும் 800 மீட்டர் வீரருக்கு 9 முதல் 11 கிலோமீட்டர். 65 கிலோமீட்டர் ஓடும் 1500 மீட்டர் வீரருக்கு 13 முதல் 16 கிலோமீட்டர். இதை மறுக்க விரும்புவோர் பீட்டர் ஸ்னெல்லை எடுத்துக்காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற அவர், பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் முறைப்படி ஞாயிறுதோறும் மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடியது உண்மைதான். ஆனால் அம்முறையில் வாரத்தின் மொத்தம் சுமார் 160 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அங்கேயும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்தான் வருகிறது.

இதற்கு நேர்மாறான தவறு, லாங் ரன்னை அடியோடு விட்டுவிடுவது. இரண்டு நிமிடத்தில் முடிகிற போட்டிக்கு ஒரு மணி நேர ஓட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், 800 மீட்டரில் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேலும், 1500 மீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் ஆக்சிஜனைக் கொண்டே உண்டாகின்றன என்பதை மறக்கலாகாது.

வேகம் இன்னொரு வலை. 1500 மீட்டரை 4 நிமிடம் 10 விநாடியில் முடிப்பவருக்கு, லாங் ரன்னில் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பது வெட்கப்பட வேண்டிய வேகமன்று. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவில்லையென்றால் அது லாங் ரன்னே அன்று. நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால் உடல் சூடேறி, அதே வேகத்திலும் இதயத்துடிப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே மே மாதத்தில் கிலோமீட்டரை மறந்து, 60 அல்லது 70 நிமிடம் என்று நேரத்தை வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கே புறப்படுவது நல்லது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஓடுபவர்களுக்கு ஒரு சொல்: அலை நனைத்த மணல் இறுகலாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், முழுத் தூரத்தையும் அதில் ஓடினால் கணுக்கால் வலிக்கும்.

தூரத்தைக் கூட்டும்போது ஒரு முறைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்; மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். போட்டிக் காலம் வந்ததும் 16 கிலோமீட்டர் ஓடியவர் 10 அல்லது 11 கிலோமீட்டருக்கு இறங்கிவிடலாம். முக்கியப் போட்டி சனிக்கிழமை என்றால், அதற்கு முந்தைய ஞாயிறன்று 45 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டியதில்லை.